மெல்பர்னிலிருந்து பன்னிரண்டரை மணி நேரம்

ஜனக்புரி, புது தில்லி
14 ஜூன் 2025

அன்புள்ள மன்னிக்கு,

ஸ்ம்ருதியின் நமஸ்காரம். இங்கே நான், அர்விந்த், சாரு மூவரும் சுகம். நீங்கள், அண்ணா, குட்டிப் பையன் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அவனுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டதே, குப்புறிக்கொள்கிறானா? அப்பாவின் உடம்பு எப்படி?

வாட்ஸ்அப்பை விட்டு மெயிலில் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். போன மாதம் நாம் ஃபோனில் பேசியது எப்படி முடிந்தது என்று உங்களுக்கே தெரியும். எழுதினால், அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். தவிர, சாரு தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. அப்போது மெல்பர்னில் எல்லோரும் தூங்கிவிடுகிறீர்கள்.

விஷயம் அப்பாவின் டிக்கெட். உங்கள் பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஜனவரியில் அங்கே வந்தார், ஜூலையில் திரும்புவதாகப் பேச்சு. அம்மா இல்லாத வீட்டில் உங்களுக்கும் எனக்கும் பிரசவம் பார்க்க அவரை விட்டால் வேறு யார்? சாருவை இரண்டு வருஷம் அவர்தான் வளர்த்தார் என்பது ஊருக்கே தெரியும். அவர் கிளம்பிய நாளிலிருந்து நான் சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிறேன். குர்காவ் ஆபீசில் இரண்டு தடவை நீட்டித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் ஒன்றாம் தேதி வந்து சேராவிட்டால் வேலை இல்லை என்று இந்தத் தடவை எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். சாருவைக் கிரெச்சில் விட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாளே அழுது அழுது ஜுரம் வந்துவிட்டது.

நேர் விமானம் இருக்கிறது. பத்தாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பன்னிரண்டரை மணி நேரம். நடுவில் இறங்க வேண்டாம், பெட்டியைத் தேட வேண்டாம். சென்னைக்கு இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து போனவருக்கு இது ஒரு தூரமா? ஜூலை பத்தாம் தேதிக்குப் போடட்டுமா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். நான் கேட்டால் 'ஜ்யோத்ஸ்னாவைக் கேளு' என்கிறார்.

குட்டிப் பையனுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
ஸ்ம்ருதி


மெல்பர்ன்
29 ஜூன் 2025

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

எல்லோருக்கும் ஆசிகள். இங்கே அனைவரும் க்ஷேமம். பையன் குப்புறிக்கொள்கிறான், திரும்பத்தான் தெரியவில்லை. இங்கே நல்ல குளிர்.

பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். அப்பாவுக்கு இரண்டு காலும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காருவது இப்போதைக்கு நல்லதில்லை. ஆடி மாதமும் வருகிறது. ஆடி போகட்டும், பார்க்கலாம். விசா மார்ச் வரை இருக்கிறதே.

சாருவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
ஜ்யோத்ஸ்னா


ஜனக்புரி
30 ஜூன் 2025

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். நாங்கள் சுகம். உங்கள் கடிதம் கிடைத்ததிலிருந்து மனசுதான் சுகமில்லை.

கால் வீக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாளாக? எந்த டாக்டர் பார்த்தார்? ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னோடு ஐந்து நிமிஷம் பேசினார். காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தில்லியில் வெயில் எத்தனை டிகிரி, பால்கனிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறாயா என்று கேட்டார். வீடியோவைப் போடுங்கள் என்றால் 'அப்புறம் ஆகட்டும்' என்றார். அவர் என்னிடம் எதையும் மறைத்தவர் இல்லை. போன வருஷம் காலில் ஆணி வந்ததற்கே படம் எடுத்து அனுப்பியவர்.

சரி, வீக்கம் என்றே வைத்துக்கொள்வோம். நேர் விமானம் வேண்டாம். சிங்கப்பூர் வழியாக வரட்டும். மெல்பர்னிலிருந்து சிங்கப்பூர் எட்டு மணி நேரத்துக்குள், அங்கே நான்கு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கலாம், பிறகு ஆறு மணி நேரத்துக்குள் தில்லி. தூரம் ஏறக்குறைய அதேதான், கணக்குப் பார்த்துவிட்டேன். சிங்கப்பூர் கிட்டத்தட்ட நேர்வழியிலேயே இருக்கிறது. சக்கர நாற்காலிக்கு எழுதிக் கொடுத்தால் வாசலிலிருந்து வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து விடுவார்கள்.

ஆடி என்று எழுதியதைத்தான் இரண்டு தடவை படித்தேன். அப்பாவா ஆடி பார்க்கிறார்? ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அஷ்டமியன்று பால் காய்ச்சிக் குடிபோனவர் அவர். மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட நாள் என்பதால் லாரி வாடகை குறைவாம். உங்கள் பிறந்த வீட்டில் நாள் கிழமை பார்ப்பார்கள், தப்பென்று சொல்லவில்லை. எங்கள் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் எப்போது வந்தது?

அவர் கையால் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். போதும்.

அன்புடன்,
ஸ்ம்ருதி


மெல்பர்ன்
21 ஜூலை 2025

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

ஆசிகள். நாங்கள் நலம், உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன்.

அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், அதனால் எழுதவில்லை. கால் பரவாயில்லை. ஆனால் நாள்தான் அமையவில்லை. தில்லி இங்கிருந்து வடமேற்கு. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். மிச்ச நாளில் நல்ல நேரத்துக்கு விமானம் பொருந்தவில்லை. ஆவணியில் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

அப்பாவும் பையனும் இருக்கும் ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். சாருவிடம் காட்டு.

இப்படிக்கு,
ஜ்யோத்ஸ்னா


ஜனக்புரி
23 ஜூலை 2025

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். இங்கே அர்விந்துக்கு லேசாக ஜலதோஷம், மற்றபடி சுகம். குட்டிப் பையன் நலமா?

அவன் நலம்தான், ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பவன் ஐந்து மாதக் குழந்தை இல்லை. கழுத்து நிற்கவில்லை. அப்பா அவன் பின்னந்தலைக்குக் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருக்கிறார். உச்சந்தலையில் பிறந்த முடி அப்படியே இருக்கிறது. நானும் ஒரு குழந்தையை வளர்த்தவள்தான் மன்னி. இது இரண்டு மாதத்தில் எடுத்த படம். இப்போது எடுத்த படம் ஒன்று ஏன் இல்லை?

சூலம் பற்றி. விமானம் சூலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திங்கள், வியாழன், சனி மூன்று நாள் சுத்தமாக இருக்கிறதே. அந்த மூன்று நாளிலும் மெல்பர்னில் நல்ல நேரமே கிடையாதா? எந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறீர்கள்? சென்னைச் சூரிய உதயத்துக்குப் போட்டதை வைத்துக்கொண்டு மெல்பர்னில் ராகுகாலம் பார்த்தால் யார் நேரம் யாருக்கு வரும்?

இனிமேல் சுற்றி வளைக்கப்போவதில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தாயம்மாள், சேலத்துக்காரி, முன்பு துவாரகாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வேலை பார்த்தாள். அந்த வீட்டுப் பெரியவரை மகன் அமெரிக்காவுக்கு அழைத்துப் போனான், மூன்று மாதத்துக்கு. மூன்று வருஷம் ஆயிற்று. காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, மதியம் சமையல், சாயங்காலம் துணி மடிப்பது. ஊருக்குப் போகிறேன் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். நான் அப்பாவைப் பற்றிச் சொன்னதும் தாயம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"பாஸ்போர்ட் யார் கையில இருக்குது, அத மொதல்ல கேளுங்கம்மா."

கேட்கிறேன். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது?

நீங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று அண்ணா வாய்தவறிச் சொன்னான். அப்படியானால் பகலில் குழந்தையை யார் பார்க்கிறார்கள்? அறுபத்தாறு வயசுக்காரரை, வீங்கிய காலோடு, சம்பளமில்லாத ஆயாவாக வைத்துக்கொண்டிருக்கிறீர்களா? இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள், நம்புகிறேன்.

சாரு தினமும் வாசல் மணி அடித்தால் ஓடுகிறாள். 'தாத்தா கப் ஆயேங்கே?' என்று கேட்கிறாள். எப்போது வருவார் என்று நானும் உங்களைத்தான் கேட்கிறேன்.

ஸ்ம்ருதி


மெல்பர்ன்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

ஆசிகள். அர்விந்துக்கு ஜலதோஷம் சரியாயிற்றா? மிளகு ரசம் வைத்துக் கொடு.

உன் கடிதத்தை உன் அண்ணாவிடம் காட்டவில்லை. காட்டினால் அவன் உன்னை ஏதாவது சொல்வான், நீ அவனைச் சொல்வாய். பாஸ்போர்ட் அப்பாவிடம்தான் இருக்கிறது. அவர் சட்டைப் பையில்.

மற்றதற்கு நான் என்ன எழுதினாலும் நீ நம்பப்போவதில்லை. எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு.

சாருவுக்கு என் அன்பு.

ஜ்யோத்ஸ்னா


ஜனக்புரி
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். சாருவும் அர்விந்தும் சுகம். உங்கள் வீட்டில் எத்தனை பேர் சுகம் என்று தெரியவில்லை, ஏனென்றால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

அவகாசம் கேட்டீர்கள். என்ன செய்ய என்று பதினைந்து நாள் யோசித்தேன். இன்று காலை பதில் தானாகவே வந்தது.

சாரு என் ஃபோனை எடுத்து அப்பாவின் முகத்தை அமுக்கிவிட்டாள். அவளுக்குப் பெயர் படிக்கத் தெரியாது, படம் தெரியும். அப்பாவும் யார் என்று பாராமல் வீடியோவை எடுத்துவிட்டார். நான் அடுப்படியிலிருந்து பார்க்கிறேன். தலை ஈரம். தோளில் துண்டு. பின்னால் வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல், நல்ல வெயில். சாரு 'தாத்தா, டிபன் ஆச்சா?' என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கே கண்ணு, மணி பத்தரை ஆறது, இன்னும் ஒண்ணும் சாப்பிடலை. இப்பத்தான் வந்தேன்."

நான் ஃபோனை வாங்கினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நெட் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

அப்போது எங்களுக்குக் காலை எட்டு. மெல்பர்னில் பன்னிரண்டரையாக இருக்க வேண்டும். இந்த எட்டு மாதமாக உங்கள் நேரத்தைக் கூட்டிக் கூட்டியே நான் வாழ்கிறேன், தப்பாது. அப்பாவுக்குப் பத்தரை என்றால் அவர் உங்களைவிட இரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிற ஊரில் இருக்கிறார். வரைபடத்தை எடுத்தேன். ஆஸ்திரேலியாவில் அந்த நேரத்துக்குப் பெரிய ஊர் ஒன்றுதான் இருக்கிறது. பெர்த்.

உடனே அண்ணாவுக்கு ஃபோன் பண்ணினேன். "அப்பா உள்ளே தூங்கறார், எழுப்பட்டுமா?" என்றான். எழுப்பு என்றேன். அவனுக்கும் நெட் சரியில்லாமல் போய்விட்டது.

மெல்பர்னிலிருந்து பெர்த் இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், விமானத்தில் நான்கு மணி நேரம். நான்கு மணி நேரம் தொங்கின கால் வீங்கவில்லையா? மேற்கே போகிற விமானம்தானே, சூலம் குத்தவில்லையா?

அவரை அங்கே யாரிடம் அனுப்பியிருக்கிறீர்கள்? உங்கள் பிறந்த வீட்டுக்காரர்கள் யாராவது பெர்த்தில் இருக்கிறார்களா? அங்கேயும் ஒரு பிரசவமா? எங்கள் அப்பாவை வீடு வீடாக வாடகைக்கு விடுகிறீர்களா மன்னி?

படித்துப் பார்த்தேன். எதையும் மாற்றவில்லை. இப்படியே அனுப்புகிறேன்.

ஸ்ம்ருதி


மெல்பர்ன்
26 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

ஆசிகள். முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டியது: அப்பா சௌக்கியமாக இருக்கிறார். கால் வீங்கவே இல்லை. எந்தக் காலத்திலும் வீங்கவில்லை. காலும் ஆடியும் சூலமும் என்னுடைய சரக்கு. சூலத்துக்கு என் அம்மாவுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டு எழுதினேன்.

அப்பா பெர்த்தில்தான் இருக்கிறார், ஜூன் முதல் வாரத்திலிருந்து. நீ ஜூலை பத்துக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்டு எழுதியபோதே அவர் இங்கே இல்லை. ஆர்.கே.புரத்தில் உங்கள் கீழ் வீட்டில் இருந்த ஜெயபால் மாமாவை ஞாபகம் இருக்கிறதா? அவர் அங்கே தனியாக ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். அப்பா அவரோடுதான் இருக்கிறார். நான்தான் விமானத்தில் ஏற்றி அனுப்பினேன்.

மே மாதம் ஒரு நாள் சாயங்காலம் அப்பா பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். குழந்தை அழுதுகொண்டிருந்தான். ஏதோ பேச்சுக்குக் கேட்டேன், ஜூலையில் ஊருக்குப் போய் என்ன பண்ணப் போறேள் என்று. சாருவைப் பார்த்துக்கணும் என்றார். அதற்கப்புறம் என்றேன். அவள் ஸ்கூலுக்குப் போவாள், கொண்டுவிட்டு அழைத்து வரணும் என்றார். அதற்கப்புறம் என்றேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"எனக்குப் போதும்மா ஜ்யோத்ஸ்னா. இனிமே யாரையும் தூக்கிண்டு நிக்க முடியலை."

சொன்ன மறு நிமிஷமே பயந்துபோய்விட்டார். "ஸ்ம்ருதிகிட்ட சொல்லிடாதே. அவ தாங்க மாட்டா. நீ ஏதாவது சொல்லிக்கோ" என்றார்.

நீ ஏதாவது சொல்லிக்கோ. இந்த ஐந்து வருஷத்தில் இதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். உன் அண்ணாவுக்கு நண்பன் வீட்டுக்குப் போக இஷ்டமில்லை என்றால் 'ஜ்யோத்ஸ்னாவுக்கு முடியலை'. உங்கள் அத்தை ஆர்.கே.புரத்துக்கு வந்து நான்கு மாதம் தங்கப் பார்த்தபோது வேண்டாம் என்று நினைத்தது அப்பா. சொன்னது உங்கள் அம்மா. அத்தை கடைசி வரை அம்மாவோடு பேசவில்லை. இதை அப்பாவே என்னிடம் சொன்னார், கண் கலங்கிக்கொண்டு. இந்த வீட்டில் முடியாது என்கிற வார்த்தை மருமகள் வாயிலிருந்துதான் வர வேண்டும். கெட்ட பெயர் வாங்க வெளியிலிருந்து ஒருத்தி வருகிறாளே.

சரி, வாங்கிக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் வாடகைக்கு விடுகிறீர்களா என்று கேட்ட பிறகு என்னால் முடியவில்லை ஸ்ம்ருதி.

பையன் ஜூனிலிருந்து கிரெச்சுக்குப் போகிறான். முதல் மாதம் அழுதான், எல்லா வியாதியும் வாங்கி வந்தான், இப்போது போகிறான். உன் அண்ணா வாரத்தில் நான்கு நாள்தான் வேலைக்குப் போகிறான். அதற்கு நான் அவனோடு மூன்று வாரம் சண்டை போட்டேன். உன்னை ஒன்று கேட்கலாமா? இதுவரை நீ எழுதிய கடிதங்களை எல்லாம் மறுபடி படித்தேன். அர்விந்தின் பெயர் நலம் விசாரிக்கும் இடத்தில் மட்டும்தான் வருகிறது. அவனைக் கேட்டாயா?

நீ வீடியோவில் பார்த்த ஈரத்தலைக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். அப்பா நீச்சல் கற்றுக்கொள்கிறார். வயதானவர்களுக்கென்று காலையில் ஒரு வகுப்பு நடக்கிறது. ஜெயபால் மாமா வம்படியாகக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டார். இன்னும் நீந்த வரவில்லை. மிதக்க வருகிறது.

சாருவுக்கு என் அன்பு.

ஜ்யோத்ஸ்னா


மெல்பர்ன்
12 செப்டம்பர் 2025

ஸ்ம்ருதிக்கு,

சௌக்கியமா? பதினேழு நாளாக ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுது. நான் உனக்கு எழுதிவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

ஜ்யோத்ஸ்னா


பெர்த்
14 செப்டம்பர் 2025

சௌபாக்கியவதி ஸ்ம்ருதிக்கு,

அப்பா பத்மநாபன் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் ஜெயபாலும் சுகம். மாப்பிள்ளை, குழந்தை, உன் க்ஷேமத்தை அறிய ஆவல். கண்ணாடி மாற்றியாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

ஜ்யோத்ஸ்னா உனக்கு ஏதோ எழுதியதாகச் சொன்னாள். அவள் நல்ல பெண். ஆனால் எதையும் சற்றுப் பெரிதாக்கி எழுதுகிற சுபாவம். நான் ஏதோ அசதியில் ஒரு வார்த்தை சொன்னதை அவள் அப்படி எடுத்துக்கொண்டுவிட்டாள். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. ஒரு மாறுதலுக்காக ஜெயபாலைப் பார்க்க வந்தேன், அவ்வளவுதான்.

இந்த மாதம் 27ஆம் தேதிக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். பெர்த்திலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து தில்லி. நடுவில் காத்திருப்பதையும் சேர்த்துப் பதினைந்து மணி நேரம் ஆகும் என்கிறார்கள். ஒன்றாம் தேதி நீ கவலையில்லாமல் ஆபீசுக்குப் போகலாம். மாப்பிள்ளை ஏர்போர்ட்டுக்கு வந்து சிரமப்பட வேண்டாம், டாக்சியில் வந்துவிடுகிறேன்.

நீச்சல் வகுப்பு இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். பரவாயில்லை. நேற்று ஆழமான பக்கத்துக்குப் போகவிட்டார்கள். ஜெயபால் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான்.

சாருவுக்கு இங்கே கம்பளித் தொப்பி ஒன்று வாங்கினேன். தலை அளவு தெரியவில்லை. பெரிதாக இருந்தால் அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா


ஜனக்புரி
20 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். ஜெயபால் மாமாவுக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். இங்கே மூவரும் சுகம். எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். போன வாரம் வரை மன்னி எழுதிய ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படித்துப் பழகிவிட்டேன். அதே கண்ணோடு உங்கள் கடிதத்தைப் படித்தால் ஒன்று தெரிகிறது. மன்னி ஒரு வார்த்தையும் பெரிதாக்கவில்லை. நீங்கள் மறுபடியும் அவள் தலையில் போட்டிருக்கிறீர்கள்.

முதலில் நம்பினேன். ஒளிக்க மாட்டேன். 27ஆம் தேதி என்று படித்ததும் அப்பாடா என்றிருந்தது. அலமாரியில் உங்கள் தட்டைக் காலி பண்ணித் துடைக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் அந்த ஆழமான பக்கம் என்கிற வரி வந்து உட்கார்ந்துகொண்டது. டிக்கெட்டையும் டாக்சியையும் பற்றி எழுதுகிறவர் அதை ஏன் எனக்கு எழுத வேண்டும்?

அன்று சாயங்காலம் அர்விந்தைக் கேட்டேன். மன்னி சொல்லும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை எங்கே போய்ச் சொல்ல? 'அப்பா வரலைன்னா நீ என்ன பண்ணுவே?' என்றேன். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே, "அம்மாவை திருச்சியிலேர்ந்து வரச்சொல்லிக் கேக்கட்டுமா?" என்றான்.

"உன்னைக் கேக்கறேன்" என்றேன்.

அச்சா, பார்க்கலாம் என்றான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆபீசில் கேட்டுவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை செய்யலாமாம். மற்ற நாளில் சாயங்காலம் அழைத்து வருவது அவன் பொறுப்பு. பெரிய தியாகம் செய்தவன் மாதிரி நடந்துகொள்கிறான், நடக்கட்டும்.

சாரு புதன்கிழமையிலிருந்து கிரெச்சுக்குப் போகிறாள், பழையது இல்லை, மெட்ரோவுக்குப் பக்கத்தில் வேறு ஒன்று. முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் என்னைப் பார்த்து அழாமல் அர்விந்தைப் பார்த்து அழுதாள். நேற்று அழைத்து வரப் போனால், களிமண்ணை விட்டு எழுந்திருக்காமல் 'ஏக் மினிட், மம்மா' என்றாள். வாசலில் நின்றேன். ஜுரம் வருகிறதா என்று இன்னமும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். வரலாம். வந்தால் லீவு போட வேண்டும், நானோ அர்விந்தோ.

அப்பா, நீங்கள் 27ஆம் தேதி வர வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். இதை மன்னி வழியாகச் சொல்லலாம் என்று முதலில் அவளுக்குத்தான் எழுத ஆரம்பித்தேன். நாலு வரி எழுதிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று புரிந்தது. அழித்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். மன்னிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதில் என்ன எழுதினேன் என்று அவளைக் கேட்காதீர்கள்.

எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். முடியலை என்று என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், அம்மாவை இழுத்துப் பேசியிருப்பேன். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை என்பதும் தெரிகிறது. அடுத்த தடவை பயந்துகொண்டே சொல்லுங்கள்.

மார்ச்சில் விசா முடிந்து வரும்போது வாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கப் பேப்பர் படியுங்கள். சாருவைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். அவளாக வந்து ஏறினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இன்னொரு விஷயம். இத்தனை மாதமாக நான் தேடியதெல்லாம் அங்கிருந்து இங்கே வருகிற விமானங்கள்தான். நேர் விமானம், சிங்கப்பூர் வழி, சக்கர நாற்காலி, எல்லாம் நீங்கள் வருவதற்கு. நேற்றுதான் முதல் தடவையாகப் புறப்படும் ஊர் என்கிற இடத்தில் தில்லி என்று போட்டேன். மெல்பர்னுக்கு இங்கிருந்து போனால் அரை மணி நேரம் குறைவாம், காற்று பின்னாலிருந்து தள்ளுமாம். பெர்த்துக்கு நேராகக் கிடையாது, சிங்கப்பூரில் இறங்கி ஏற வேண்டும். டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் ஆபீஸ் மூடியிருக்கும். அர்விந்துக்கு லீவு கிடைத்தால் மூன்று பேர், இல்லாவிட்டால் நானும் சாருவும்.

ஜெயபால் மாமாவிடம் இடம் இருக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள். மன்னியைக் கேட்கச் சொல்லாமல் நீங்களே கேளுங்கள். அங்கே சாருவை நான் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் வந்துவிட்டோம் என்று நீங்கள் தண்ணீரை விட்டு ஏறி வர வேண்டாம்.

அன்புடன்,
ஸ்ம்ருதி